பெரிய எண்ணும் சின்ன எண்ணும்

சென்னை ரிச்சி தெருவுக்கு ரேம் வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு எண்ணோடு வருவார்கள். "3200 இருக்கா?", "3600 என்ன ரேட்?", "6000 போட்டா கேம் நல்லா ஓடுமா?" பெட்டியின் முகப்பில் பெரிதாக அச்சாகியிருக்கும் எண் அது. அதற்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் சிஎல் என்று போட்டு இன்னொரு எண் இருக்கும். அதை விசாரிக்கிறவர்கள் குறைவு. விசாரிக்கிறவர்களும் அது குறைவாக இருந்தால் நல்லது என்ற அளவில் தெரிந்துகொண்டு வருவார்கள். இரண்டு எண்களையும் சேர்த்துப் படித்து, எதிரே நிற்கும் ஆளுக்கு எது போதும் என்று சொல்வதுதான் அங்கே ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்து நான் கற்றுக்கொண்ட தொழிலில் முக்கால்வாசி.

கடை முதலாளியை நாங்கள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். டிடிஆர் என்ற பெயரே புதிதாக இருந்த காலத்திலிருந்து கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறவர். உட்கார வைத்துப் பாடம் நடத்தும் பழக்கம் அவருக்குக் கிடையாது. கையில் ஒரு வேலையைக் கொடுப்பார். கேள்வி கேட்டால் கால்குலேட்டரை நம் பக்கம் நகர்த்தி வைப்பார்.

எனக்குக் கொடுத்த முதல் வேலை பழைய ஸ்டிக்குகளைத் தரம் பிரிப்பது. ஆபீஸ்கள் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டர்களிலிருந்து கழற்றிய ரேம் மொத்தமாக வந்து இறங்கும். தங்க நிறக் கால்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, துடைத்து, டெஸ்ட் போர்டில் மாட்டிப் பார்த்து, ரகவாரியாக ட்ரேயில் அடுக்க வேண்டும். டிடிஆர்3-க்குப் பள்ளம் ஓர் இடத்தில், டிடிஆர்4-க்கு இன்னோர் இடத்தில். இரண்டு நாளில் அது கைக்கே தெரிந்துவிடும். லேபிளைப் படிப்பதுதான் நேரம் பிடித்தது. "8ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி4-2400டி" என்று இருக்கும். கொள்ளளவு தெரிகிறது, தலைமுறை தெரிகிறது, வேகம் தெரிகிறது. கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த "டி" எதற்கு?

"அதுதான்டா சிஎல். 2133-க்குப் பின்னாடி பி இருந்தா 15. 2400-க்கு டி, 17. 2666-க்கு வி, 19. 3200-க்கு ஏஏ, 22. கம்பெனி ஸ்டிக்கர்ல இப்படித்தான் எழுத்தா போடுவான்."

வேகம் ஏற ஏற சிஎல்லும் ஏறுகிறதே, அப்படியானால் 22 போட்ட புது ஸ்டிக் 15 போட்ட பழைய ஸ்டிக்கைவிட மந்தமா என்று கேட்டேன். கால்குலேட்டர் என் பக்கம் வந்தது.

"சிஎல்லை ரெண்டாயிரத்தால பெருக்கு. பெரிய நம்பரால வகு. வர்றது நானோ செகண்ட். நாலுக்கும் போட்டுட்டு அப்புறம் கேளு."

போட்டேன். 2133-க்கு 14.06. 2400-க்கு 14.17. 2666-க்கு 14.25. 3200-க்கு 13.75. நான்கும் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தன.

கணக்கு ஏன் இப்படி என்பது பிறகு புரிந்தது. டிடிஆர் மெமரி கடிகாரத்தின் ஒவ்வொரு துடிப்பிலும் இரண்டு முறை தரவை அனுப்புகிறது. 3200 என்று போட்டிருந்தால், விநாடிக்கு 320 கோடி முறை அனுப்புகிறது என்று அர்த்தம். கடிகாரம் துடிப்பது அதில் பாதி, 160 கோடி முறை. ஒரு துடிப்புக்கு 0.625 நானோ விநாடி. சிஎல் என்பது நேரமே இல்லை, துடிப்புகளின் எண்ணிக்கை. "இந்த இடத்தில் இருப்பதைக் கொடு" என்று கேட்ட பிறகு முதல் தரவு வெளியே வர எத்தனை துடிப்பு காத்திருக்க வேண்டும் என்பதைத்தான் அது சொல்கிறது. துடிப்பு குறுகக் குறுக, அதே காத்திருப்புக்குள் அதிகத் துடிப்புகள் அடங்கும். எண் ஏறுகிறது, நேரம் ஏறவில்லை.

அண்ணன் அலமாரியின் அடித்தட்டிலிருந்து இன்னும் பழைய சரக்கை எடுத்துப் போட்டார். டிடிஆர்-400, சிஎல் 3: 15 நானோ விநாடி. டிடிஆர்2-800, சிஎல் 5: 12.5. டிடிஆர்3-1600, சிஎல் 11: 13.75. கூடவே, புதிதாக வந்த டிடிஆர்5-5600, சிஎல் 46: 16.43. ஒரு ஸ்டிக்கிலிருந்து விநாடிக்கு வரக்கூடிய தரவு டிடிஆர்-400 காலத்தில் 3.2 ஜிபி. டிடிஆர்5-5600-இல் 44.8 ஜிபி. பதினான்கு மடங்கு. முதல் தரவுக்காகக் காத்திருக்கும் நேரமோ இருபது வருஷமாக இருந்த இடத்திலேயே இருக்கிறது.

"ஏன்ணே இது மட்டும் குறையல?"

அதற்கான பதிலைச் சொல்ல அவர் கடைக்கு மேலே இருந்த எங்கள் குடோனைக் காட்டினார். கஸ்டமர் ஒரு கேபிள் கேட்டால் பையன் மாடி ஏறி, அந்த ஒரு கேபிளை மட்டும் எடுத்து வருவதில்லை. அது இருக்கும் ட்ரேயை முழுசாகக் கீழே இறக்கி மேஜைமேல் வைக்கிறான். அதே ட்ரேயிலிருந்து அடுத்த பொருளைக் கேட்டால் உடனே எடுத்துக் கொடுக்கலாம். வேறு ட்ரேயில் இருப்பதைக் கேட்டால், முதல் ட்ரேயை மேலே கொண்டுபோய் வைத்துவிட்டு, அடுத்ததை இறக்க வேண்டும். மேஜையிலிருந்து கவுண்டருக்குக் கொடுக்க எத்தனை பேரை வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம். மாடி ஏறி இறங்கும் நேரம் அப்படியேதான் இருக்கும்.

மெமரி சிப்பினுள் நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான். ஐபிஎம்மில் இருந்த ராபர்ட் டென்னார்ட் 1968-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இன்றைக்கும் ஒவ்வொரு ரேமிலும் இருக்கிறது: ஒரு பிட்டுக்கு ஒரு டிரான்சிஸ்டர், ஒரு கெபாசிட்டர். அந்தக் கெபாசிட்டரில் இருப்பது துளியளவு மின்சாரம். அதை வெளியே எடுத்து, இருக்கிறதா இல்லையா என்று உணர்ந்து, பெரிதாக்கும் வேலையைச் செய்வது வரிசையின் விளிம்பில் இருக்கும் உணர் பெருக்கிகள். ஒரு பிட்டை மட்டும் படிக்க முடியாது. அந்த வரிசை முழுவதும் திறந்தாக வேண்டும். எட்டு சிப் கொண்ட சாதாரண டிடிஆர்4 ஸ்டிக்கில் ஒரு முறை திறப்பது 8 கேபி; அதிலிருந்து ஒரு தடவையில் வெளியே போவது 64 பைட். படித்ததும் கெபாசிட்டர் காலியாகிவிடும் என்பதால், உணர்ந்ததைத் திரும்ப எழுதிவிட்டுத்தான் வரிசையை மூடலாம். இணைப்புக் கம்பியின் வேகத்தை ஒவ்வொரு தலைமுறையிலும் ஏற்றினார்கள். அந்தத் துளி மின்சாரம் நீளக் கம்பியில் ஊர்ந்துவந்து உணரப்படும் நேரத்தை அப்படிக் குறைக்க முடியவில்லை.

இது தெரிந்த பிறகு பெட்டியில் இருக்கும் 16-18-18-38 போன்ற எண் வரிசை கண்ணை மிரட்டுவதில்லை. முதல் எண் திறந்திருக்கும் வரிசையிலிருந்து எடுக்க, இரண்டாவது வரிசையைத் திறக்க, மூன்றாவது மூட. நான்காவது, திறந்த வரிசை குறைந்தபட்சம் எவ்வளவு நேரம் திறந்தே இருக்க வேண்டும் என்பது. வேண்டிய வரிசை ஏற்கெனவே திறந்திருந்தால் முதல் எண் மட்டும்தான் செலவு. வேறு வரிசை திறந்திருந்தால் மூன்றையும் கூட்ட வேண்டும். 3200-இல் 16-18-18 கொண்ட கிட்டுக்கு 52 துடிப்பு, அதாவது 32.5 நானோ விநாடி. அதே 3200-இல் 22-22-22 கொண்ட ஸ்டிக்குக்கு 66 துடிப்பு, 41.25 நானோ விநாடி. சிஎல்லை மட்டும் பார்த்தால் வித்தியாசம் 3.75, மோசமான நிலையில் அது 8.75 ஆகிறது. அதனால் அண்ணன் பெட்டியைக் கையில் எடுத்தால் முதல் எண்ணோடு நிற்க மாட்டார். சிஎல்லைக் கீழே இழுத்துப் பெரிதாக அச்சடித்துவிட்டு, அடுத்த இரண்டு எண்களைத் தளர்த்தி வைத்திருக்கும் கிட்டுகளும் சந்தையில் உண்டு.

இந்த வகுத்தல் கவுண்டரில் எப்படி உதவும் என்பதை ஒரே மாலையில் கற்றேன். 3200 சிஎல் 16: சரியாக 10 நானோ விநாடி. 3600 சிஎல் 18: அதுவும் 10. 6000 சிஎல் 30: அதுவும் 10. மூன்றும் முதல் தரவை ஒரே நேரத்தில் தருகின்றன. பிறகு அள்ளிக் கொடுக்கும் அளவில்தான் வேறுபடுகின்றன. ஆகவே 3200 சிஎல் 16-க்கும் 3600 சிஎல் 18-க்கும் விலை ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், இரண்டாவதை எடுப்பதில் நஷ்டமே இல்லை. 3600 சிஎல் 20 என்றால் 11.1, அங்கே கொஞ்சம் யோசிக்கலாம். சாம்சங்கின் பி-டை சிப் கொண்ட 3200 சிஎல் 14 கிட் 8.75-க்கு வரும், விலையும் அதற்கேற்ப வரும்.

டிடிஆர்5 வந்த புதிதில் இந்தக் கணக்கே எங்களைக் குழப்பியது. 4800 சிஎல் 40 என்றால் 16.67 நானோ விநாடி. நல்ல டிடிஆர்4 கிட்டைவிட மோசம். சில கஸ்டமர்கள் கால்குலேட்டர் போட்டுவிட்டு வந்து, "பழசே நல்லா இருக்கே, இதுக்கு எதுக்கு இவ்வளவு விலை?" என்று சண்டைக்கு நின்றார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் காத்திருப்பு ஒன்றை மட்டும் வைத்து டிடிஆர்5-ஐ எடைபோட முடியாது. ஒவ்வொரு ஸ்டிக்கும் உள்ளுக்குள் 32 பிட் அகலத்தில் இரண்டு தனிப் பாதைகளாகப் பிரிந்திருக்கிறது. வழக்கமான டிடிஆர்4 சிப்பில் 16 பேங்க் என்றால் இதில் 32. ஒவ்வொரு பேங்கும் தனித்தனியாக ஒரு வரிசையைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். தனி ஒரு கோரிக்கை கொஞ்சம் அதிகம் காத்திருந்தாலும், ஒரே நேரத்தில் பல கோர்கள் கேட்கும்போது வரிசை நெருக்கடி குறைகிறது. கோர்கள் கூடிக்கொண்டே போகும் காலத்துக்கு அது பொருத்தம். 6000 சிஎல் 30 கிட்டுகள் கைக்கெட்டும் விலைக்கு வந்ததும் அந்தச் சண்டையும் ஓய்ந்தது.

கணக்கு கைவந்ததும் எல்லாப் பெட்டியையும் வகுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் அப்போதுதான் அடுத்த படியைச் சொன்னார்: "ஸ்டிக் என்ன சொல்லுதுன்னு பார்த்துட்ட. போர்டு என்ன சொல்லுதுன்னு பாரு."

பெட்டியில் இருக்கும் வேகம் அந்த ஸ்டிக்கால் முடியும் என்பதற்கான எண். அது தானாக ஓடாது. மாட்டி ஆன் செய்தால், ஸ்டிக்கில் இருக்கும் சின்னச் சிப்பில் எழுதியிருக்கும் பொது விதிப்படி, டிடிஆர்4 என்றால் 2133-இலோ 2400-இலோ 2666-இலோ எழுந்து நிற்கும். பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி-யையோ, ஏஎம்டி 2022-இல் கொண்டுவந்த எக்ஸ்போ-வையோ இயக்கினால்தான் பெட்டியில் சொன்ன வேகம் கிடைக்கும். சர்வீஸுக்கு வரும் மெஷின்களில் சிபியு-இசட்டைத் திறந்து மெமரிப் பக்கத்தைப் பார்ப்பது எங்களுக்குப் பழக்கம். 1066 என்று காட்டும். அதை இரண்டால் பெருக்கினால் கிட்டத்தட்ட 2133. 3200-க்குக் காசு கொடுத்து வாங்கியவர், வாங்கிய நாளிலிருந்து 2133-இல் ஓட்டிக்கொண்டிருப்பார். பயாஸில் ஒரு வரியை மாற்றியதும் புது ரேம் வாங்க வந்த ஆள் சர்வீஸ் சார்ஜோடு திரும்பிப் போவார்.

சில போர்டில் அந்த வரியை மாற்றினாலும் பலன் இருக்காது. ஐ3-10100 பிராசஸரும் எச்410 போர்டும் வைத்திருப்பவர் 3600 கிட் வாங்கினால், அது 2666-இல்தான் ஓடும். பிராசஸரின் எல்லை அது, அந்தப் போர்டில் அதைத் தாண்ட வழியில்லை. ரைசன் 3000, 5000 வரிசையில் வேறு விதமான எல்லை. மெமரியின் கடிகாரமும் பிராசஸரின் உள் இணைப்பின் கடிகாரமும் ஒன்றுக்கு ஒன்றாக ஓடினால்தான் காத்திருப்பு குறைவு. பெரும்பாலான சிப்புகளில் அது 3600-ஐ ஒட்டி முடிந்துவிடும். அதற்கு மேல் 4000, 4400 என்று போய் அந்த ஜோடி உடைந்தால், பெரிய எண் வாங்கியவருக்கு அதிகக் காத்திருப்புதான் மிச்சம். ரைசன் 7000-க்கு 6000 என்று நாங்கள் சொல்வதும் இதைப் போன்ற காரணத்துக்காகத்தான். அதே ரைசன் 7000-இல் நான்கு ஸ்லாட்டும் நிரப்பினால் ஏஎம்டி உத்தரவாதம் தரும் வேகம் 5200-இலிருந்து 3600-க்கு இறங்கிவிடும். "இப்ப ரெண்டு போடுங்க, அப்புறம் ரெண்டு சேர்த்துக்கலாம்" என்று டிடிஆர்4 காலத்தில் தாராளமாகச் சொன்ன யோசனையை டிடிஆர்5-க்குச் சொல்வதை அண்ணன் நிறுத்திவிட்டார்.

இதையெல்லாம் தாண்டி மூன்றாவது படி ஒன்று இருக்கிறது. அதில் கால்குலேட்டருக்கு வேலையில்லை: ஆள் என்ன செய்யப் போகிறார்?

ஒரு கல்லூரிப் பையன் அம்மாவோடு வந்தான். பட்ஜெட் இறுக்கம், கிராபிக்ஸ் கார்டு கிடையாது, ரைசன் 5 5600ஜி-யில் இருக்கும் கிராபிக்ஸை வைத்தே கேம் ஆட வேண்டும். 16 ஜிபி ஒரே ஸ்டிக்காக எடுத்துக்கொள்கிறேன், பிறகு இன்னொன்று சேர்த்துக்கொள்கிறேன் என்றான். அண்ணன் 16 ஜிபி ஸ்டிக் ஒன்றை மாட்டி, கேமை ஓட விட்டார். திரையைத் திருப்பும்போதெல்லாம் படம் தட்டுத் தடுமாறியது. மெஷினை அணைத்து, 8 ஜிபி ஸ்டிக் இரண்டைப் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் மாட்டினார். அதே கேம், அதே இடம். ஓட்டம் சீராகிவிட்டது. "தம்பி, ரெண்டுலயும் 16 ஜிபிதான். ரெண்டும் 3200தான். சிஎல்லும் ஒண்ணுதான்" என்றார். பையனுக்குப் புரியும் முன்பே அம்மாவுக்குப் புரிந்தது: "அப்ப ரெண்டா இருக்கிறதையே குடுங்க."

தனி கிராபிக்ஸ் மெமரி இல்லாத மெஷினில் படம் வரைவதற்கான தரவெல்லாம் ரேமிலிருந்துதான் போக வேண்டும். ஒரே ஸ்டிக் என்றால் ஒரு சேனல், விநாடிக்கு 25.6 ஜிபி; ஜோடி என்றால் இரண்டு சேனல், 51.2. அங்கே அகலம்தான் பேசும். எந்தக் கிட்டின் சிஎல் எவ்வளவு என்பது அதற்குப் பிறகு வரும் பேச்சு.

வேலைகளை அண்ணன் இரண்டாகப் பிரிப்பார். அடுத்து என்ன வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்து, வரிசையாக அள்ளும் வேலைகள் ஒரு ரகம்: வீடியோ எடிட்டிங், பெரிய படங்களைச் செதுக்குவது, உள் கிராபிக்ஸ். இவற்றுக்குப் பெரிய எண் முக்கியம். இப்போது வந்ததைப் படித்தால்தான் அடுத்து எங்கே போவது என்று தெரியும் வேலைகள் இன்னொரு ரகம்: பல கேம்களின் உள் கணக்கு, டேட்டாபேஸில் தேடுவது. இவற்றுக்கு ஒவ்வொரு காத்திருப்பும் அடுத்ததன் தலையில் ஏறும். நானோ விநாடி முக்கியம். ஆனால் இங்கேயும் விதிவிலக்கு உண்டு. 2022-இல் வந்த 5800எக்ஸ்3டி போன்ற பிராசஸரில் 96 எம்பி எல்3 கேஷ் இருக்கிறது. தேவையானதில் பெரும்பகுதி அங்கேயே கிடைத்துவிடுவதால் ரேமிடம் கேட்பதே குறைகிறது. அப்படிப்பட்ட பிராசஸர் வாங்கியவரிடம் விலை அதிகமான சிஎல் 14 கிட்டைத் தள்ளிவிடுவது வியாபாரம்தான், ஆனால் அவர் அடுத்த முறை நம் கடைக்கு வரமாட்டார்.

டேலியும் பில்லிங்கும் இருபது பிரவுசர் டேபும் திறந்து வைக்கும் ஆபீஸ் மெஷினுக்கு இந்த இரண்டு எண்களுமே இரண்டாம் பட்சம். ரேம் போதாமல் எஸ்எஸ்டி-யிடம் கையேந்த ஆரம்பித்தால் காத்திருப்பு பல நூறு மடங்கு ஏறும். அதற்குமுன் 10-க்கும் 14-க்கும் உள்ள வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை. போதாக்குறைக்கு, பிராசஸரிலிருந்து கிளம்பிய கோரிக்கை ரேமுக்குப் போய்த் திரும்பி வர டெஸ்க்டாப்பில் மொத்தமாக 60 முதல் 90 நானோ விநாடி பிடிக்கும். சிஎல் அதில் ஒரு பங்குதான்.

டைமிங்கைக் கையால் இறுக்கவும் அண்ணன் ஒரு முறை விட்டார். கடை சாத்திய பிறகு, டெஸ்ட் போர்டில். ஒரு நேரத்தில் ஒரு எண், ஒரு படி, அதற்கு மேல் கூடாது. 16-ஐ 15 ஆக்கினேன். பூட் ஆனது, சிபியு-இசட் 16 என்றே காட்டியது. கியர் டவுன் மோடு இயங்கிக்கொண்டிருந்தால் ஒற்றைப்படை சிஎல்லை அடுத்த இரட்டைப்படைக்கு ஏற்றிவிடும் என்று அப்போது தெரிந்தது. 14-க்குப் போனால் திரை கறுப்பு. சிமாஸ் கிளியர் செய்து மறுபடி முதலிலிருந்து. வோல்டேஜைக் கொஞ்சம் ஏற்றி 14-இல் நிறுத்தியபோது விண்டோஸ் வந்தது, கேம் ஓடியது. மெம்டெஸ்ட்86-ஐ இரவு முழுக்க ஓடவிட்டுப் பார்த்தால் காலையில் சிவப்பு வரிகள். "ஓடுதுன்னு கஸ்டமர் சொல்லலாம். நாம சொல்லக் கூடாது" என்றார் அண்ணன். தவறான பிட்டை வேகமாகக் கொடுக்கும் ரேம் ஒரு நாள் யாருடைய கணக்குக் கோப்பையோ சத்தமில்லாமல் கெடுத்து வைக்கும். எங்கள் கடையிலிருந்து ஒரு மெஷின் எந்த வேகத்தில் வெளியே போனாலும் அந்தச் சோதனையைத் தாண்டித்தான் போகும்.

இப்போது கவுண்டரில் நானே நிற்கிறேன். ஆள் வந்ததும் கேட்கும் வரிசை இது: என்ன வேலைக்கு, எத்தனை ஜிபி, ஜோடியாக மாட்ட இடமிருக்கிறதா, பிராசஸரும் போர்டும் எதுவரை விடும். இந்த நான்குக்கும் பதில் வந்த பிறகு பெட்டிகளை எடுத்து வகுத்துப் பார்க்கிறேன். நானோ விநாடி சமமென்றால் பெரிய எண். பெரிய எண் சமமென்றால் சின்ன சிஎல். இரண்டும் ஏறக்குறைய ஒன்றென்றால் விலை குறைந்தது. 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போய், சில்லறை விலை மளமளவென்று ஏறிய பிறகு இந்த வரிசை இன்னும் கறாராகிவிட்டது. 6000-இல் சிஎல் 36-இலிருந்து 30-க்கு இறங்க ஆகும் காசை ஜிபி கூட்டுவதில் போடுங்கள் என்று பலரிடம் சொல்கிறேன். சிஎல் 30-தான் வேண்டும் என்று நிற்பவரிடம் வாதாடுவதில்லை. இரண்டு நானோ விநாடி குறையும், உங்கள் கேமில் அது இந்த இடத்தில்தான் தெரியும் என்று கணக்கைக் காட்டிவிட்டு, பில் போட்டு, எக்ஸ்போ-வை ஆன் செய்து கொடுக்கிறேன்.